கேட்டுட்டுப் பறந்தவர்

அவரு பேரை நான் சொல்லப்போறதில்ல. சொல்லலாமான்னு அவர்கிட்ட கேக்கல. கேக்காம ஒரு காரியம் செஞ்சா அவருக்கு மூஞ்சி சுண்டிப்போயிடும். நான் அண்ணான்னு கூப்பிடுவேன். அதுவும் அவரைக் கேட்டுட்டுத்தான்.

எனக்குத் திருவொத்தியூர்ல மனு டைப் அடிக்கிற கடை. பொறந்து வளந்தது ராயபுரம், வாக்கப்பட்டு வந்தது இங்க. பட்டா மனு, வாரிசு மனு, முதியோர் பென்ஷன் மனு, ஓடிப்போன புருஷனைக் கண்டுபிடிச்சுத் தரச்சொல்லி மனு, வந்த புருஷனைத் திரும்ப ஓடவைக்கச் சொல்லி மனு, எல்லா தினுசும் அடிச்ச கை இது. ஆனா வானத்துல பறக்க எடம் குடுங்கன்னு என் கடைக்கு வந்த ஆளு அவரு ஒருத்தருதான். ஆளு ஒண்ணு, மனு பதினேழு.

மொத நாளு வந்தப்போ ஷட்டருக்கு வெளியவே நின்னாரு. நான் ஒரு பத்திரத்தை அடிச்சு முடிச்சு நிமிந்து பாக்கறேன், அப்பவும் நிக்கறாரு. இன்னாண்ணா வேணும்னேன். "உள்ள வர்லாமா?"ன்னாரு. கடைன்னா வர்றதுக்குத்தானே இருக்கு, வாங்கன்னேன். வந்து ஸ்டூல் பக்கத்துல நின்னாரு. "குந்தலாமா?" குந்துங்க. "ஃபேன் காத்து இந்தப் பக்கமா வருது. வாங்கிக்கலாமா?" எனக்கு மெய்யாலுமே பயம் வந்துடுச்சு. யாரோ இந்த ஆளை செட்டப் பண்ணி அனுப்பிட்டு எங்கயோ ஒளிஞ்சு படம் புடிக்கிறாங்கன்னு ரோட்டை எட்டிப் பாத்தேன். ஒருத்தனும் இல்ல.

ஐம்பத்தஞ்சு வயசிருக்கும். ஹார்பர்ல கப்பல் மேல அடுக்கற கண்டெய்னரை இரும்புக் கம்பி போட்டு முடுக்கிக் கட்டற வேலை. உள்ளங்கை ரெண்டும் செங்கல்லு மாதிரி காச்சுப் போயிருக்கும். அந்தக் கையால செல்போனை எடுத்து, காட்டலாமான்னு கேட்டு, ஒரு போட்டோ காட்டினாரு. எர்ணாவூர் ஹவுசிங் போர்டு மொட்டை மாடில எடுத்த போட்டோ. மேல ஒரு துணி, கீழ ஒரு துணி, நடுவுல அலுமினிய பைப்பு. பாக்க ஹாஸ்டல்ல போடற மாடிக் கட்டில் மாதிரி இருந்துச்சு.

"கட்டிலா?"

"பறக்கறதும்மா."

மலை உச்சிலருந்து பெரிய றெக்கையைப் புடிச்சுத் தொங்கிகினு குதிக்கிறாங்களே, டிவில காட்டுவானே, அந்த சங்கதிதான். ஆனா அவங்களுக்கு ஒத்தைத் துணி, இவருக்கு ரெட்டைத் துணி. குடைத் துணியையும் மெத்தை உறைத் துணியையும் வாங்கி இவரே தெச்சது. ரெண்டு துணி போட்டா உயரம் கம்மியா இருக்கற எடத்துலயும் தூக்கும்னு அவரு கணக்கு. நம்ம வடசென்னைல மலை ஏது, அதனால அந்தக் கணக்கு.

"இதுல எங்கண்ணா குந்துவீங்க?"

"குந்த முடியாதும்மா. தொங்கிகினு போவணும்."

"சரி. எனக்கு எங்க வேலை வருது இதுல?"

"பறக்க பர்மிஷன் வோணும். நீ நல்லா எழுதுவன்னு சொன்னாங்க."

நான் நல்லா எழுதுவேன், அதை மறைக்கறதுக்கில்ல. அன்னிக்கே அடிச்சேன். 'பொருள்: மனுதாரர் தாமே தயாரித்த சாதனத்தில் தொங்கியவாறு பறந்து இறங்க உயரமான இடம் அனுமதித்து உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.' அடிச்சுட்டு நானே ரெண்டு வாட்டி படிச்சுப் பாத்தேன். இருபது வருஷத்துல இப்படி ஒரு வரி அடிச்சதில்லன்னு பெருமையா இருந்துச்சு.

மூணாவது மனு திரும்பி வந்தப்பவே நான் சொல்லிட்டேன். அண்ணா, ஒரு நாளு காலைல எவனும் இல்லாத நேரமாப் பாத்து எங்கயாச்சும் ஏறிப் பறந்துட்டு வந்துடுங்க, அத்தோட முடிஞ்சுது, யாரு கேக்கப்போறான்னேன். தலையை ஆட்டினாரு.

"வெரட்டுவாங்கம்மா."

"வெரட்டட்டுமே. ஓடிடுங்க."

"மேல கீறப்போ வெரட்னா எங்க ஓட்றது?"

சிரிச்சேன். அவரு சிரிக்கல. அவருக்கு அது நெசமான கேள்வி. எட்டு வயசுல கால்வாய் ஓரத்துக் குடிசைலருந்து எழுப்பி வெரட்டியிருக்காங்க. அப்புறம் ரயில்வே லைன் ஓரம், அங்கருந்தும் வெரட்டியிருக்காங்க. அதுக்கப்புறம்தான் எர்ணாவூர். ஒவ்வொரு தடவையும் வந்தவன் ஒரே கேள்விதான் கேட்டானாம், யாரைக் கேட்டு இங்க வந்தன்னு. அந்தக் கேள்வி அந்த ஆளோட எலும்புல எறங்கிடுச்சு. கோயில் வாசல்ல பொதுஜனத்துக்கு வெச்ச பானைத் தண்ணியக்கூட யாராவது ஒருத்தரைப் புடிச்சு, குடிக்கலாமான்னு கேட்டுட்டுத்தான் குடிப்பாரு. பஸ்ல பக்கத்து சீட்டு காலியா இருந்தா அந்தப் பக்கம் உக்காந்தவனைக் கேப்பாரு. அவன் தூங்கிகினு இருந்தான்னா எண்ணூர் வரைக்கும் நின்னுகினே போவாரு. எனக்கு எத்தினியோ நாளு கோவம் வந்திருக்கு. மனுஷன் இம்மாம் அடங்கிப் போவலாமான்னு. இதைக் கேட்டதும் அந்தக் கோவம் வேற பக்கம் திரும்பிடுச்சு.

பறக்கற ஆசையே அந்தக் கேள்வியோடதான் வந்துச்சாம். ஹார்பர்ல ஒரு நாளு பெரிய தார்ப்பாயை நாலு பேரு புடிச்சு மடிச்சிகினு இருந்தாங்களாம். திடீர்னு காத்து பூந்துடுச்சு. மத்த மூணு பேரும் உட்டுட்டாங்க. இவரு உடல. தார்ப்பாய் இவரையும் தூக்கிகினு பத்தடி மேல போயி, மெதுவா எறக்கி விட்டுச்சாம். "பஞ்சு மாதிரி எறக்குச்சும்மா"ன்னு சொல்லுவாரு, சொல்லறப்போ அந்தக் காச்ச கையை அப்படியே மெதுவா கீழ எறக்கிக் காட்டுவாரு. எறங்கினதும் சூப்பர்வைசர் ஓடியாந்து கேட்டானாம், யாரைக் கேட்டுய்யா மேல போனன்னு.

"அன்னிக்கு முடிவு பண்ணேன். ஒரே ஒரு வாட்டி கேட்டுட்டு மேல போவணும். எறங்கறப்போ ஒருத்தனும் வாயத் தொறக்கக் கூடாது."

அவ்வளவுதான் அவரு ஆசை. ஊரைச் சுத்தறதோ பேப்பர்ல போட்டோ வர்றதோ இல்ல. ஒரு தடவை, யாரும் வெரட்டாம.

மேக்க, பஸ்ல ஆறு மணி நேரம் போனா, மலைல பறக்கறதுக்குன்னே ஒரு எடம் இருக்குன்னு யாரோ சொல்லி அங்கயும் போயிட்டு வந்தாரு. பஸ் மேல ஏத்தறப்போ கண்டக்டர் இன்னாதுன்னு கேட்டிருக்கான். இவரு உண்மையைச் சொல்ல, கட்டில் லக்கேஜுன்னு அவனே ஒரு முடிவுக்கு வந்துட்டான். அங்க இருந்தவங்க நல்ல மாதிரிதானாம், டீ கூட வாங்கிக் குடுத்தாங்களாம். ஆனா அவங்க கைல ஒரு லிஸ்ட் இருந்திருக்கு. எந்தெந்த தினுசு பறக்கலாம், எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு. ரெட்டைத் துணி அதுல இல்ல. கம்பெனி பேரு இன்னான்னு கேட்டதுக்கு இவரு தெருப் பேரைச் சொல்லியிருக்காரு. லிஸ்ட்ல இல்லாததை இங்க விட முடியாதுங்கன்னு பாலிஷா சொல்லிட்டாங்க.

"அப்ப இன்னாண்ணா பண்ணீங்க?"

"நின்னு வேடிக்க பாக்கலாமான்னு கேட்டேன். பாத்துக்கன்னாங்க. பொழுது சாயறவரிக்கும் பாத்தேன். நல்லாருந்துச்சும்மா."

எனக்கு வயிறு எரிஞ்சுது. அவருக்கு எரியல. பாக்க பர்மிஷன் கெடச்ச சந்தோஷத்துல இருந்தாரு.

அப்புறம்தான் கொடுங்கையூரு. யோசிச்சுப் பாத்தா நம்ம பக்கத்துல மலைன்னு சொல்ல அது ஒண்ணுதான், குப்பை மலை. மனுவை நானே நேர்ல குடுக்கறேன்னு கூடவே போனேன், மூக்குல துப்பட்டாவைக் கட்டிகினு. கேட்டுல ஒரு வாட்ச்மேன். மனுவை மேலருந்து கீழ படிச்சாரு, மீன்பாடி வண்டில மடிச்சு வெச்சிருந்த ரெட்டைத் துணியைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு.

"உள்ள குப்ப மட்டுந்தான் போவும்"ன்னாரு.

நான் அண்ணன் காதுல, குப்பைன்னே சொல்லிடுங்கண்ணா, உள்ள போயிடலாம்னேன். நான் காதுல சொன்னதை அவரு வாய்விட்டே வாட்ச்மேன்கிட்ட கேக்கறாரு. "குப்பன்னு சொல்லி உள்ள எட்த்துகினு போனா, அப்பால வெளிய எட்த்துகினு வர்லாமா?"

"எப்டி வரும்? உள்ள பூட்டா அது குப்ப. குப்பய வெளிய எட்த்துகினு போனா திருட்டு கேசு."

"பறந்து வெளிய வந்தா?"

வாட்ச்மேன் அதுக்கு ரொம்ப நேரம் யோசிச்சாரு. நல்ல மனுஷன், தட்டிக் கழிக்கல. கடைசில சொன்னாரு, "பறந்து வந்தாலும் கேட்டு வழியாத்தான் வர்ணும். வெளிய போற வண்டிக்கெல்லாம் நான் எழுதணும்."

திரும்பி வர்ற வழில அண்ணன் அந்த வாட்ச்மேனைப் புகழ்ந்துகினே வந்தாரு. எவ்ளோ கரீட்டான ஆளுன்னு. நான் வண்டில இருந்து எறங்கி நடந்தே போயிடலாமான்னு பாத்தேன்.

எர்ணாவூருக்கு வடக்க கடலோரத்துல ஒரு மண்மேடு இருந்துச்சு. எப்பவோ எவனோ தோண்டிக் கொட்டின மண்ணு, ரெண்டு மாடி உயரம் இருக்கும். எதிர்ல மணல், மணலுக்கு அப்பால கடலு. காத்து நேரா மூஞ்சில அடிக்கும். அண்ணன் அதைப் பாத்துட்டு வந்து மூணு நாளு சரியா சாப்பிடல. இதுக்கு மேல ஒரு எடம் நம்ம ஏரியால கெடையாது. ஆனா அந்த மண்ணு யாருதுன்னு தெரியணுமே. மூணு ஆபீசுக்கு மனு போட்டோம். மூணு ஆபீசும் எழுத்துலயே பதில் குடுத்துட்டாங்க, மேற்படி இடம் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லைன்னு.

எனக்குத் தலைகால் புரியல. யாருதும் இல்லன்னு மூணு சீலோட குடுத்திருக்கான், இதைவிட இன்னா வேணும்? ஆனா அவரு அந்த மூணு காகிதத்தையும் மடியில வெச்சுகினு பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டாரு.

"கேக்கறதுக்கு ஆளே இல்லாத எடத்துல எப்டிம்மா பறக்கறது?"

இந்த ஆளோட நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க. அழுகையா வந்துச்சு. அதுல இன்னொரு இடி, கடலரிப்புக்காக அடுத்த மாசம் அந்த ஓரம் பூரா கல்லு கொட்டப்போறாங்க, மேட்டையும் வாரி நெரவிடுவாங்கன்னு நியூஸ் வந்துச்சு. அந்த மாசம் பறந்தாத்தான் உண்டு.

கடைசி கடைசியா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். ஸ்டேஷன் ரைட்டர் வயசானவரு, என் மனு எழுத்து அவருக்குப் பழக்கம். "யம்மா, நாங்க பர்மிஷன் குடுக்கறது மூணே விஷயத்துக்கு. ஊர்வலம், மைக் செட்டு, பந்தல். பறக்கறது எங்க நோட்டுலயே இல்ல"ன்னாரு. நான் வெளிய வந்து பாக்கறேன். சித்திரை வெயிலு. ஸ்டேஷன் வாசல்லயே ஒரு தண்ணீர்ப் பந்தல். நாலு கம்பு, மேல ஒரு துணி, கீழ ஒரு மோர் டிரம்மு. தெருவுக்குத் தெரு அதான். வெயில் காலத்துல தண்ணீர்ப் பந்தலுக்குப் பர்மிஷன் இல்லன்னு சொல்ல எந்த அதிகாரிக்கும் வாய் வராது, பாவம் சேந்துடும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. "அண்ணா, உங்களுதுல துணி இருக்கா?"

"கீது."

"கம்பு, கயிறு?"

"கீது."

"அப்ப அது பந்தல்."

"அது பொய்யிம்மா."

"தண்ணி வெச்சா பொய்யில்ல."

ரெண்டு நாளு யோசிச்சாரு. யோசிச்சு யோசிச்சு, மூணாம் நாளு வந்து ஷட்டருக்கு வெளிய நின்னு, உள்ள வர்லாமான்னு கேட்டு, வந்து உக்காந்து, "மோரே ஊத்திடலாம்மா. மெய்யாலுமே ஊத்தணும். பத்து பேராச்சும் நெழல்ல குந்தி வவுறு குளுரக் குடிக்கணும். அப்பத்தான் அது பந்தலு. பந்தலானப்பறம் பறக்கறது அதோட இஷ்டம்"ன்னாரு.

மண்மேட்டுக்கு அடில தண்ணீர்ப் பந்தல் போட ஸ்டேஷனுக்கு மனு அடிச்சேன். ஆர்டர் வந்துச்சு. ஒரு நாள் மட்டும், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, போக்குவரத்துக்கு இடையூறு இன்றி. என்னை மூணு வாட்டி படிக்கச் சொன்னாரு.

"பந்தலு காத்துல எழும்பக் கூடாதுன்னு எங்கயாச்சும் போட்டுக்கீதா?"

"இல்லண்ணா."

"நல்லாப் பாரு. பின்பக்கம்?"

பின்பக்கம் வெறும் பேப்பர்.

அந்த நாளு நான் கடையைச் சாத்திட்டுப் போனேன். என் கல்யாணத்துக்குக் கூட அவ்ளோ சீக்கிரம் கெளம்பல. மேட்டுக்கு அடில, நாலு மூங்கில் நட்டு, ரெட்டைத் துணியை மேல கட்டி, பாக்க அம்சமா நின்னுச்சு பந்தலு. மோர்ல கொத்தமல்லி, பச்சை மொளகா, பெருங்காயம் எல்லாம் போட்டுக் கலக்கினது நான்தான். செக் பண்ண ஒரு கான்ஸ்டபிள் வந்தாரு. நிழல்ல உக்காந்து மூணு டம்ளர் குடிச்சாரு. இவரு எழுந்து நின்னு, "சார், இது அப்பால பறக்கும். சொல்லிடறேன்"ன்னாரு. கான்ஸ்டபிள் வெயிலோட வேகத்துல பேசறாருன்னு நெனச்சிகினு, உடம்பைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

பக்கத்துல மணல்ல மீன் காய வெச்சிருந்தாங்க. வடக்கால பூரா காரப்பொடி, நெத்திலி, வலையை விரிச்சு அது மேல வரிசையா. அதைக் காக்கா தூக்காம காவல் காத்துகினு ஏழெட்டு பொம்பளைங்க. அவங்களும் மோர் குடிக்க வந்தாங்க. அதுல பெரிய மூக்குத்தி போட்ட அக்கா ஒண்ணு, குரலு கடல் சத்தத்தைத் தாண்டும். இது இன்னா பந்தலு, பைப்பெல்லாம் வெச்சிகீதுன்னு கேட்டுச்சு. அண்ணன் எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. பதினேழு மனு, மலை, குப்பை, அடுத்த மாசம் கல்லு கொட்டறது, எல்லாம். சொல்லிட்டு, "நீங்கதான் இங்க டெய்லி இருக்கறவங்க. நான் பறக்கலாமா?"ன்னு கேட்டாரு.

அந்தக்கா ரெண்டாவது டம்ளரை மொண்டுகினு அவரை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"பற. ஆனா உன் நெழலு எம்மீனு மேல பட்றக்கூடாது. பட்டா கருவாடு ஊசிப்பூடும்."

பின்னால நின்ன ஒருத்தி முந்தானையால வாயைப் பொத்திகினா. மோர்ல மொளகா அதிகமாயிடுச்சோன்னு நெனச்சேன்.

அண்ணன் உடனே போயி மீன் காயற எடத்துக்குத் தெக்கால குதிகாலால ஒரு கோடு இழுத்தாரு. கடல் வரைக்கும் இழுத்துகினே போனாரு. "என் நெழலு இந்தக் கோட்டத் தாண்டாது. தாண்டாதுக்கா"ன்னாரு. ஒரு குச்சியை நட்டு நிழல் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தாரு. அப்புறம் காத்துக்குக் காத்திருந்தோம். ஒண்ணரை வரைக்கும் இலை அசையல. அஞ்சு மணியோட ஆர்டர் முடிஞ்சுடும். மாதாவே, பதினேழு மனுவுக்காவது ஒரு காத்தை அனுப்புன்னு வேண்டிகினேன்.

ரெண்டு மணி தாண்டினதும் கடக்காத்து எறங்குச்சு. பந்தல் துணி வயிறு மாதிரி மேல உப்புச்சு. அண்ணன் உள்ள உக்காந்தவங்களைக் குனிஞ்சு பாத்து, "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? பந்தலு கெளம்புது"ன்னாரு.

பந்தக்காலு நாலையும் கழட்டிட்டு, ஹார்பர் தோஸ்துங்க ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் புடிச்சு மேட்டு உச்சிக்குத் தூக்கிகினு போனாங்க. நானும் மூச்சு வாங்க ஏறினேன். அண்ணன் நடுவுல வாரை மாட்டிகினு நின்னாரு. தோஸ்துங்க கையை எடுத்துட்டாங்க. இப்போ யாரைக் கேப்பாருன்னு பாத்தேன். என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"போவட்டாம்மா?"

"போய்த் தொலைங்கண்ணா"ன்னேன். அழுதுகினேதான் சொன்னேன்.

ஓடினாரு. மேடு முடிஞ்சு போச்சு, காலு மட்டும் காத்துல ஓடிகினே இருந்துச்சு. நான் மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. விழல. ரெட்டைத் துணியும் உப்பி, பைப்பெல்லாம் கிரீச்சுன்னு முனகி, மனுஷன் மெய்யாலுமே தொங்கிகினு போறாரு. கீழ பொம்பளைங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. அப்பத்தான் காத்து தெக்கருந்து ஒரு தள்ளு தள்ளுச்சு. மீன் இருக்கற பக்கமா மெல்ல ஒதுங்குது. மணல்ல பாத்தேன். கறுப்பா ஒரு கட்டில், நடுவுல தொங்கற ஒரு ஆளு, அவரு இழுத்த கோட்டைப் பாத்து நகந்துகினே போவுது. ஆயுசு பூரா இதுக்காக அலைஞ்ச மனுஷன், அவ்ளோ உயரத்துல கடலைப் பாக்கல, வானத்தைப் பாக்கல. குனிஞ்சு தன் நெழலையே பாத்துகினு போறாரு.

நிழலு கோட்டுக்கு ஒரு சாண் இருக்கறப்போ உடம்பை அப்படியே வலப்பக்கம் வீசினாரு. றெக்கை ஒருக்களிச்சு, மணலை விட்டு, நேரா கடல் மேல போயிடுச்சு. நான் பதினொண்ணு எண்ணறப்போ தண்ணில விழுந்தாரு.

மொதல்ல ஓடினது மீன்காரப் பொம்பளைங்கதான். நான் மேட்டுலருந்து உருண்டு பொரண்டு எறங்கி ஓடறதுக்குள்ள, அந்த மூக்குத்தி அக்கா இடுப்பளவு தண்ணில போயி அவரைப் புடிச்சுடுச்சு. எழுந்து நின்னாரு. எடது தோளு ஒரு மாதிரி தொங்குது. வாயில இருந்த உப்புத் தண்ணியைத் துப்பினாரு.

"பட்டுச்சா?"

"இன்னாது?"

"என் நெழலு. மீனு மேல பட்டுச்சா?"

"யோவ், அதுக்கா தண்ணில பூந்த? அய்ய, அத்த நெசம்னு எட்த்துகினியா? நான் தமாசுக்கு சொன்னேன்யா. எம்மீனு மேல காக்கா நெழலு படுது, பிளேனு நெழலு படுது, கண்டவன் நெழலும் படுது. உன்னுது பட்டா இன்னா ஆயிடப்போவுது?" அந்தக்கா திட்டிகினே இருந்துச்சு, கண்ணுலருந்து தண்ணி வந்துகினே இருந்துச்சு. கோவமா அழுகையான்னு அதுக்கே தெரியல.

இவரு அப்பவும் கரையைத்தான் பாத்துகினு இருந்தாரு. யாராவது வராங்களான்னு. கரைல அம்பது பேரு நின்னாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

அவரு எங்க பாக்கறாருன்னு அந்தக்காவுக்குப் புரிஞ்சுடுச்சு போல. முந்தானையை இழுத்து இடுப்புல சொருவிச்சு. "கல்லு கொட்றதுக்கு இன்னும் நாளு கீது. அந்தக் கைய சரி பண்ணிகினு வா. எம்மீனு மேலயே போ, எத்தினி வாட்டி வோணாலும் போ. யாரக் கேட்டு வந்தன்னு எவன் கேக்கறான்னு நானும் பாக்கறேன்."

அண்ணன் பல்லு தந்தியடிக்க என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"யம்மா, இத்த எழுத்துல வாங்கிக்கலாமா?"

பதினேழு மனு அடிச்ச கை, அவரு கன்னத்துல ஒண்ணு வெக்கலாமான்னு துடிச்சுது. ஆனா அந்தக்கா சிரிக்கல. எழுத்து எனக்கு வராது, ரேகை வெக்கறேன்னுச்சு. அவரு சட்டைப் பைலருந்து நனைஞ்ச ஆர்டரை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். அந்தக்கா கட்டை விரலை அழுத்தி ஒத்துச்சு. மையில்ல, ரெண்டு மீன் செதில்தான் ஒட்டிகினு நின்னுச்சு.

அண்ணன் அதை நல்ல கையால வாங்கி, ரெண்டு பக்கமும் பாத்து, பதமா மடிச்சுப் பைக்குள்ள வெச்சுகினாரு. அப்புறம்தான் தோளு வலிக்குதுன்னாரு.